நடக்காமல் விட்ட முப்பது தப்படி

தம்பி கொடியைத் தூக்கியதை நான் பார்த்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் கால்பந்து ஆட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கமிட்டிக்காரர் ஒருவர், "அந்தப் பய கொடி தூக்குனத நீங்க கவனிக்கலையோ?" என்று தப்பிக்க ஒரு வழி எடுத்துக் கொடுத்தார், நானும் பாதித் தலையை ஆட்டிவைத்தேன். கவனித்தேன். கை நடுங்காமல், ஊரணிக்கரையில் சொல்லிக் கொடுத்தது போலவே நேராகத் தூக்கிக்கொண்டு நின்றான்.

நான் ரெஃப்ரி, நான் தம்பி என்று கூப்பிடுகிற பையன் எனக்கு லைன்ஸ்மேன், கோட்டோரம் ஓடி ஆஃப்சைடு பார்த்துக் கொடி தூக்குகிறவன். 88வது நிமிடம். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. நடு மைதானத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது, எதிரணி டிஃபண்டர் காலை நீட்டினான், பூட்ஸ் நுனியில் பட்டு அவனுக்குப் பின்னால் நின்ற உள்ளூர்ப் பையனிடம் போய் விழுந்தது, அவன் ஒரே தட்டு, கோல். பின்னால் நின்றவன் பந்து உதைபடும்போதே ஆஃப்சைடில்தான், அதாவது எதிரணி டிஃபண்டர்களைத் தாண்டித்தான் நின்றான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. சிக்கல் எல்லாம் அந்தப் பூட்ஸ் நுனியில். டிஃபண்டர் தெரிந்தே பந்தை ஆடியிருந்தால் ஆஃப்சைடு கிடையாது. பந்து சும்மா பட்டுத் திரும்பியிருந்தால் ஆஃப்சைடு அப்படியே இருக்கும். நான் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி நடுவட்டத்தைக் காட்டிவிட்டேன். கோல்.

தம்பி இன்னும் கொடியை இறக்கவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவே முப்பது தப்படி இருக்கும். அந்த முப்பது தப்படியை நடந்து போய், "என்னப்பு பார்த்த?" என்று கேட்டிருக்கலாம். மறுபடி ஆட்டம் தொடங்குகிற வரைக்கும் முடிவை மாற்ற விதியில் இடம் இருக்கிறது, தொடங்கிவிட்டால்தான் கதை முடிந்தது. பந்தை எடுத்து நடுவில் வைப்பதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது, பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கிடந்தார்கள். நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தம்பி நின்ற பக்கம்தான் கூட்டம் கயிற்றைத் தாண்டிக் கோட்டுக்கே வந்திருந்தது. நான் கையை மட்டும் அசைத்து, கொடியை இறக்கு என்றேன். இறக்கினான்.

அப்புறம் டைபிரேக்கரில் உள்ளூர் அணியே ஜெயித்தது. வாணவெடி, மாலை, முதல் பரிசு உபயம் செய்தவரின் பேச்சு எல்லாம் வழக்கம் போல. இடியாப்பமும் கோசமல்லியும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது தம்பி பக்கத்தில் வந்து நின்றான். கொடியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான்.

"அண்ணே, எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல?"

நான் நிமிரக்கூட இல்லை. "விசில் யாரு கைல இருக்கு?" என்றேன்.

"சரிண்ணே" என்றான். கொடியை என் பைக்கின் பக்கப் பையில் செருகிவிட்டுப் போய்விட்டான். சாப்பிடவில்லை.

அவ்வளவுதான் சம்பவம். கல் விழவில்லை, யாரும் அடிக்கவில்லை, அன்றைக்கு வசவுகூடக் குறைவு, ஜெயித்தது அந்த ஊர் என்பதால். இதைவிட மோசமான நாட்கள் எனக்கு எத்தனையோ உண்டு. ஆனாலும் ராத்திரி புரண்டு படுக்கும்போது அந்த நான்கு வார்த்தைதான் வருகிறது.

நான் சொன்னதில் சட்டப்படி தப்பு ஒன்றும் கிடையாது. லைன்ஸ்மேன் கொடி தூக்குவது யோசனை, முடிவு ரெஃப்ரியுடையது, ஐந்தாம் விதியைப் படித்த எவனுக்கும் தெரியும். தேர்வில் நான் எழுதிய முதல் விடையே அதுதான். அந்தப் பூட்ஸ் நுனி விஷயத்திலும் பெரிய இடத்திலேயே தடுமாறியிருக்கிறார்கள். 2021 அக்டோபரில் ஐரோப்பிய நேஷன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் எம்பாப்பே போட்ட கோல் இதே சங்கதிதான். ஸ்பெயினின் எரிக் கார்சியா காலை நீட்டித் தொட்டார், ஆஃப்சைடு இல்லாமல் போயிற்று, கோல் நின்றது, பிரான்ஸ் 2-1 என்று கோப்பையை எடுத்தது. உலகமே சண்டை போட்ட பிறகு, 2022 ஜூலையில் விதி எழுதுகிற ஐஃபாப் விளக்கம் கொடுத்தது. பந்து தூரத்திலிருந்து வந்ததா, ஆள் அதைத் தெளிவாகப் பார்த்தானா, வேகம் எப்படி, எதிர்பார்த்த திசையா, உடம்பைத் திருப்ப நேரம் இருந்ததா, பந்து தரையில் வந்ததா காற்றிலா என்று பார்க்கச் சொல்கிறார்கள். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். பந்து தூரத்திலிருந்துதான் வந்தது, பார்த்தான், திசையும் எதிர்பார்த்ததுதான். இது மூன்றும் எனக்கு. காற்றில் வந்தது, வேகமாக வந்தது, எட்டிப் பிடிக்கிற மாதிரிக் காலை நீட்டினான். இது மூன்றும் தம்பிக்கு.

ஆனால் இதெல்லாம் ராத்திரி எண்ணியது. மைதானத்தில் நான் எண்ணினேனா? கூட்டம் "கோ..." என்று கிளம்பிய பிறகு கை நீண்டதா, அதற்கு முன்பே நீண்டுவிட்டதா? சத்தியமாகச் சொல்கிறேன், டிஃபண்டர் தெரிந்தே ஆடினான் என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது. பயந்தவன் கண்ணுக்கும் அப்படித்தான் படும் என்பதும் தெரிகிறது. ஒரு பையன் செல்போனில் எடுத்த வீடியோவை அனுப்பினான். பத்து இருபது தடவை பார்த்திருப்பேன். சரியாகப் பூட்ஸில் பந்து படுகிற இடத்தில் ஐஸ் வண்டிக்காரரின் குடை மறைக்கிறது. குடைக்கு அந்தப் பக்கம் தம்பி தெரிகிறான், கோட்டோடு ஒட்டி, டிஃபண்டருக்கு நேராக, இருக்க வேண்டிய இடத்தில். நான் இருபத்தைந்து மீட்டர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறேன். எனக்கு 46 வயது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன். பேசிய தொகை 500 ரூபாய். வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தால் 700 இருந்தது. பெட்ரோலுக்குப் போட்டிருப்பார்கள். கூடப் போட்டுக் கொடுக்கிற பழக்கம் அந்த ஊரில் உண்டு, நல்ல மனுஷர்கள். ஆனால் அந்த இருநூறு ஆட்டத்துக்கு முன்னால் வைத்ததா பின்னால் வைத்ததா? தம்பி கவரை நான் பிரிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டேன், அதில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. கேட்கவும் முடியாது.

அவனை இதற்குள் இழுத்து வந்தவன் நான்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன், கல்லூரி அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். "கொடி பிடிச்சே உலகக் கோப்பைக்குப் போன ஆள் நம்ம தமிழ்நாட்டுல இருக்காருப்பு, 2002ல, சங்கர்னு" என்று சொல்லித்தான் ஆசை காட்டினேன். இங்கிருந்து கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் திண்டுக்கல், அந்த ஊர் ரூபா தேவி சர்வதேச ரெஃப்ரிக்கான ஃபிஃபா பேட்ஜ் வாங்கியிருக்கிறார், நீ ஏன் முடியாது என்றேன். விடியற்காலையில் ஊரணிக்கரையில் ஓடுவோம். சர்வதேச ரெஃப்ரி தேர்வில் 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடந்து, மறுபடி ஓட வேண்டும், இப்படி 40 தடவை. அவன் ஓடுவான், நான் செம்மண்ணில் கோடு கிழித்துவிட்டு ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். முதல் தடவை நாற்பதையும் முடித்தபோது, "இம்புட்டுத்தானாண்ணே?" என்று கேட்டுவிட்டு ஊரணிப் படிக்கட்டில் மல்லாக்கப் படுத்துவிட்டான்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவன் கொடி பிடிக்க வரவில்லை. ரெஃப்ரிகள் ஏன் விட்டுப் போகிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் வசவையும் அடியையும் சொல்வார்கள். பொய்யில்லை. 2012ல் நெதர்லாந்தில் அல்மேரே என்ற ஊரில், மகன் ஆடுகிற கிளப்புக்காக வந்து கொடி பிடித்த அப்பா ஒருவரைப் பையன்களே உதைத்துக் கொன்றார்கள். ஸ்வீடன்காரர் ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க் 2005ல் பார்சிலோனா-செல்சீ ஆட்டத்துக்குப் பிறகு குடும்பத்துக்கே மிரட்டல் வந்து விசிலைக் கீழே வைத்துவிட்டார். சரி, அப்படியானால் துருக்கி ரெஃப்ரி மெலர்? 2023 டிசம்பரில் ஒரு கிளப்பின் தலைவரே மைதானத்துக்குள் வந்து முகத்தில் குத்தினார், கீழே விழுந்தவரை உதைத்தார்கள், லீக்கையே சில நாள் நிறுத்தினார்கள். அந்த மனுஷன் திரும்பி வந்து அடுத்த வருஷம் யூரோ கோப்பையில் விசில் ஊதினார். ஒருத்தர் போகிறார், ஒருத்தர் திரும்பி வருகிறார், என்ன கணக்கோ. எங்கள் ஊரில் "காக்கா, காசு வாங்கிட்டான்" என்று கத்துவதற்கெல்லாம் யாரும் போய்விடவில்லை. சம்பளத்துக்காக இருப்பவனும் யாரும் இல்லை. நான் பகலில் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன், ஞாயிற்றுக்கிழமை 500 ரூபாய்க்குத் திட்டு வாங்குகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

நான் ஏன் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். 2009. தேவகோட்டைப் பக்கம் ஒரு ஆட்டம், நான் கொடி, எனக்குச் சொல்லிக் கொடுத்த பி.டி. சார் விசில். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டிவிட்டது, கோல் என்று காட்டினேன். அடுத்த நொடி முதுகில் ஒரு செங்கல் துண்டு. கூட்டம் என்னைச் சுற்றிவிட்டது. சார் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார், ஓடவில்லை, நடந்துதான் வந்தார். கூட்டத்தை விலக்கி என் பக்கத்தில் நின்று தோளில் கை வைத்து, "என்ன பார்த்த?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார். சொன்னேன். திரும்பி, கோல் என்று காட்டினார். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண் கலங்கியது. "இங்கன அழுகாதடா, ஆளுக பாப்பாக" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிவிட்டார்.

அந்தப் பந்து கோட்டைத் தாண்டவில்லை. கோல் என்று காட்டி முடிக்கும்போதே எனக்குச் சந்தேகம், வீட்டுக்கு வருவதற்குள் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. சாரிடம் இன்றுவரை சொன்னதில்லை. தோற்ற அணிப் பையன்கள் பாவம், வெயிலில் வேனில் நெருக்கியடித்து ஊருக்குத் திரும்பினார்கள். தப்பாகக் காட்டியவன் பதினைந்து வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். தம்பி காட்டியது சரியாகக்கூட இருக்கலாம்.

இப்படி எழுதும்போதே இன்னொரு புத்தி சொல்கிறது, நீ ரொம்பப் பெரிதாக்குகிறாய், பையனுக்குப் பரீட்சை இருந்திருக்கும், காதல் கீதல் ஏதாவது இருந்திருக்கும், இந்த வயதுப் பையன்கள் எதில்தான் நிலைத்திருக்கிறார்கள். போன் பண்ணினேன், எடுத்தான், மரியாதையாகத்தான் பேசினான். "ப்ராஜெக்ட் வேலை இருக்குண்ணே." அடுத்த முறையும் ப்ராஜெக்ட். மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்லிக் கேட்பது? உன் கொடி சரி என்றா? எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது. கூட்டத்துக்குப் பயந்தேன் என்றா? அதுவும் உறுதியாகத் தெரியவில்லையே. வந்து கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. விசில் பிடிக்கிறவன் ஒரு தடவை இறங்கிப் பேசினால் அடுத்த ஆட்டத்தில் கொடி பிடிக்கிறவன் எல்லாம் கேள்வி கேட்பான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்கிறேன். சார் எத்தனை தடவை என்னிடம் வந்து கேட்டிருக்கிறார், நான் ஒரு தடவையும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது.

இரண்டு மாதம் கழித்துப் புதுவயல் பக்கம் ஒரு ஆட்டம். தம்பியை அங்கே பார்த்தேன். கூட்டாளிகளோடு வந்திருப்பான் போல, கைலியும் டீசர்ட்டும். கூட்டாளிகள் வரப்பில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள், இவன் மட்டும் கயிற்றுக்கு வெளியே நின்றான். நின்றான் என்று சொல்லக்கூடாது. டிஃபண்டர்கள் மேலே ஏறினால் இவனும் பக்கவாட்டில் இரண்டு எட்டு ஏறினான், அவர்கள் இறங்கினால் இறங்கினான். கையில் ஒன்றுமில்லை, கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தான். என் லைன்ஸ்மேன் அன்றைக்கு இரண்டு கெஜம் பின்தங்கியே ஓடிக்கொண்டிருந்தார், தம்பி சரியான கோட்டில் இருந்தான்.

இடைவேளையில் போய்ப் பேசிவிடலாம் என்று இருந்தேன். விசில் ஊதியதும் கமிட்டிக்காரர் சோடாவை நீட்டினார். அதைக் குடித்துவிட்டுத் திரும்பினால் கூட்டாளிகள் அதே வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள், இவனைக் காணோம்.