என் கையெழுத்துப் போட்ட ரத்தப் பை

முப்பது வருடங்களாக என் ரத்தம் 'ஓ பாசிட்டிவ்' என்றே நம்பியிருந்தேன். சென்ற வருடம் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்காகப் பொருத்தம் பார்த்தபோது, ரத்த வங்கியிலிருந்த ஓ பைகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. "அம்மா, உங்களுடையது பாம்பே குரூப்" என்றார் மருத்துவர்.

1952இல் டாக்டர் பெண்டே குழுவினர் பம்பாயில் கண்டறிந்த வகை அது. இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். ஓ ரத்தத்தின் சிவப்பணுக்களில் இருக்கும் 'எச்' என்ற பொருள்கூட எங்களிடம் இல்லை. அதனால் ஓ ரத்தத்தை ஏற்றினாலும் எங்கள் உடல் அந்த அணுக்களை உடைத்துவிடும். முதன்முதலில் வகை பார்த்தபோது, என் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை) ஓ அணுக்களோடு கலந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல் 'ஓ பாசிட்டிவ்' என்று அட்டை எழுதிக் கொடுத்தவர்கள்மீது இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. இரண்டு பிரசவங்களை அந்த அட்டையோடுதான் கடந்தேன்.

தம்பிக்கும் அதே வகைதான். ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்கிற அவனிடமிருந்து ரத்தம் எடுக்க முடியாது. "உங்கள் ரத்தத்தையே எடுத்து வைத்துக்கொள்வோம்" என்றார் மருத்துவர். பையில் 35 நாள்வரை கெடாது. கடைசியாக எடுப்பதற்கும் அறுவைக்கும் குறைந்தது மூன்று நாள் இடைவெளி வேண்டும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கக் கூடாது. முதல் பை கொடுத்தபோது 12.6 இருந்தது. பத்து நாள் கழித்து இரண்டாவது பை கொடுத்தபோது 11.3! அந்தப் பத்து நாளும் இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினேன். சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கும் தேநீரை நிறுத்தியதுதான் பெரிய கஷ்டம்.

சொந்த ரத்தம் என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பை மாறிப்போகலாம், கிருமி சேரலாம். அதனால்தான் ஒவ்வொரு பையின் சீட்டிலும் என்னைக் கையெழுத்திடச் சொன்னார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்திருந்ததே தவிர, அறுவை அரங்கில் நான் விழித்துத்தான் இருந்தேன். செவிலியர் பையைக் கண்ணருகே கொண்டுவந்து, "உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்ட பிறகே மாட்டினார். சற்றுக் கோணலான என் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

இரண்டாவது பை தேவைப்படவில்லை. நான் சாப்பிடும் மருந்துகளால் அதைப் பிறருக்கும் கொடுக்க முடியாமல் அழித்துவிட்டார்கள். அது மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது.

பழைய அட்டையைக் கிழித்துப் போட்டாயிற்று. இப்போது என் பணப்பையிலும் தம்பியின் பணப்பையிலும் இருக்கிற அட்டைகளில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம்: 'ஓ ரத்தம் ஏற்றக் கூடாது.'