ஊசி மருந்தும் மஜ்ஜையும்
மதுரையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் பெரியப்பாவுக்கு இரத்தசோகைக்காக எரித்ரோபோயட்டின் ஊசி போடுகிறார்கள். சிறுநீரகம் சுரக்க வேண்டிய இந்த வளர்ச்சிக் காரணி, புதிய அணுக்களைப் படைப்பதைவிட, எலும்பு மஜ்ஜையில் மடியவிருக்கும் சிவப்பணு முன்னோடிகளைச் சாகவிடாமல் காப்பதையே முதன்மையாகச் செய்கிறது.

அதற்கும் முந்தைய படியில் உள்ள, எல்லா இரத்த அணுக்களுக்கும் மூலமான குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்), மஜ்ஜைச் சூழல் தரும் ஸ்டெம் செல் ஃபாக்டர் என்ற வளர்ச்சிக் காரணியையும், பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் திராம்போபோயட்டினையும் சார்ந்தே நிலைத்திருக்கின்றன. தட்டணுக்களைப் பெருக்குவதாக அறியப்பட்ட பின்னது குருத்தணுக்களையும் பேணுவதுதான் எனக்குப் பெரும் வியப்பு.

இக்காரணிகள் அணுவின் பாதையை, அதாவது அது எந்த வகை இரத்த அணுவாக மாறும் என்பதைத் தீர்மானிக்கின்றனவா, தானே தேர்ந்த பாதையில் அதை உயிரோடு வைக்க மட்டும் உதவுகின்றனவா என்பது நெடுநாள் விவாதம். தனி அணுக்களைத் தொடர்ந்து கண்காணித்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளணு வகையைத் தீர்மானிக்கவும் சில காரணிகளால் இயலும் எனக் காட்டியது.

இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஊசி சரிவரப் பலனளிக்காது என்பதால், பெரியப்பாவுக்கு, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவையும் அவ்வப்போது பார்க்கிறார்கள்.