மீன் எப்போ விடப் போறீங்க?

கடல்நீர்த் தொட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. உள்ளே பாறையும் மணலும் மட்டும்தான், மீன் இன்னும் சில வாரத்துக்குக் கிடையாது. கடைக்காரரிடம் சொன்னால், "ஒரு டாம்சலை விடுங்க சார், அது தாங்கும், தொட்டி தானா சைக்கிள் ஆயிடும்" என்கிறார். டாம்சல் ஒரு சிறிய கடல்மீன்; சைக்கிள் என்றால், மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் வளர்ந்து நிற்பது. தாங்கும்தான், அந்த அம்மோனியாவில் செவுள் வெந்துபோய்த் தாங்கும். அதோடு அது முரட்டு மீன், முதலில் உள்ளே போனால் மொத்தத் தொட்டியும் தன்னுடையது என்று பின்னால் வருகிறதையெல்லாம் விரட்டும், அப்புறம் பாறையைக் கலைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

மீனுக்குப் பதில் அம்மோனியம் குளோரைடு ஊற்றலாம், அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வருகிற அளவுக்கு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். கடல்நீரின் பிஹெச் 8.2 பக்கம் என்பதால் அம்மோனியாவின் நச்சு நன்னீரைவிடப் பல மடங்கு கடுமை, "கொஞ்சம் இருந்தா என்ன" என்று இங்கே விட முடியாது.

வெளிநாட்டு வீடியோக்கள் லைவ் ராக், அதாவது கடலிலிருந்து பாக்டீரியாவோடு எடுத்த பவளப்பாறைத் துண்டு, போடச் சொல்லும். நம் நாட்டில் பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது எடுத்துவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காய்ந்த பாறையும் பாட்டிலில் விற்கிற பாக்டீரியாவும் போதும், என்ன, கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இந்த பாக்டீரியா பாறையிலும் மணலிலும் ஒட்டித்தான் வளரும், தண்ணீர் பளிங்குபோல் இருப்பதற்கும் தொட்டி தயாராவதற்கும் சம்பந்தமே இல்லை.

நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் டெஸ்ட் கிட் காட்டுவதை நம்ப வேண்டாம், நைட்ரைட்டையும் சேர்த்து எக்கச்சக்கமாகக் காட்டும். சென்னை வெயிலில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆனால் உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றி அடர்த்தியை 1.025-இல் வைத்திருங்கள். விளக்கு இப்போதைக்கு வேண்டாம், பாசிக்குத்தான் கொண்டாட்டம். பழுப்பாக ஒரு படலம் வந்தால் அது டயட்டம் என்ற நுண்பாசி, பெரும்பாலும் தானாகப் போய்விடும்.

ஊற்றிய 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்தால் சரி. நைட்ரேட் ஏறியிருந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பண்ணையில் பொரித்த க்ளவுன் மீன் ஒரு ஜோடி, அவ்வளவுதான். அடுத்த மீனுக்கு மறுபடி சில வாரம் பொறுங்கள்.