டெம்ப்ஸ்டர் சாலையில் மழை பெய்தால்

கனடாவின் யூக்கான் பகுதியில், டாசன் நகரத்துக்கு 40 கிலோமீட்டர் முன்பாக, குளோண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து வலப்புறம் ஒரு சரளைச் சாலை பிரிந்து வடக்கே போகிறது. அதன் பெயர் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. நெடுஞ்சாலை என்றதும் தார் போட்ட அகலச் சாலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இனுவிக் நகரம் வரையிலான 736 கிலோமீட்டரில், இரு முனைகளிலும் சிறு பகுதிகள் தவிர, மற்றதெல்லாம் கல்லும் மண்ணும்தான். இனுவிக்கைத் தாண்டி மேலும் 138 கிலோமீட்டர் போனால் துக்டோயாக்டுக் என்ற சிற்றூரில், ஆர்க்டிக் கடலின் கரையில் சாலை முடிந்துவிடுகிறது. எட்மன்டனில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்தக் கரைக்கு ஏறக்குறைய 3400 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை மோட்டார் சைக்கிளில், வழியெல்லாம் கூடாரம் அடித்துத் தங்கியபடி கடப்பது என்று நானும் அண்ணாச்சியும் இரண்டு குளிர்காலங்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி எனக்கு உறவினர் அல்லர்; திருநெல்வேலிக்காரர், என்னுடன் வேலை பார்ப்பவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

ஜூன் மாதத்தின் பிற்பாதியில் புறப்பட்டோம். இருவரிடமும் இருந்தது 650 சிசி ஒற்றைச் சிலிண்டர் கவாசாகி கேஎல்ஆர். வேகம் குறைவு, எடை அதிகம், நெடுந்தூரத்தில் கைகள் மரத்துப்போகும் அளவுக்கு அதிர்வும் உண்டு. ஆனாலும் அதன் தொட்டியில் 23 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும் என்பதால் அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. டெம்ப்ஸ்டர் சாலை பிரியும் இடத்திலிருந்து அடுத்த பெட்ரோல் 369 கிலோமீட்டருக்கு அப்பால், ஈகிள் பிளெய்ன்ஸ் என்ற இடத்தில்தான் கிடைக்கும். எதிர்காற்றும் சேறும் சேர்ந்துகொண்டால் வண்டி எவ்வளவு குடிக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே ஆளுக்கு ஐந்து லிட்டர் கேனும் கட்டிக்கொண்டோம்.

டாசன் கிரீக்கிலிருந்து (இது டாசன் நகரம் அல்ல, தெற்கே இருக்கும் வேறோர் ஊர்) வைட்ஹார்ஸ் வரையிலான அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டில், அமெரிக்க ராணுவம் சில மாதங்களிலேயே வெட்டித் திறந்த அந்தச் சாலை இன்று நல்ல தார்ச் சாலை. லியார்டு வெந்நீர் ஊற்றில் ஒரு மாலை முழுவதும் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்ததும், சாலையோரப் புல்லை மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமைக் கூட்டம் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காததும் நினைவில் நிற்கின்றன. ஆனால் தார்ச் சாலையில் நாம் சாலையை மறந்துவிட்டுப் பயணம் செய்கிறோம். டெம்ப்ஸ்டரில் அது முடியாது; அங்கே கண் எப்போதும் முன்சக்கரத்துக்கு இருபதடி முன்னால்தான் இருக்கும்.

அந்தச் சாலை ஏன் அப்படி இருக்கிறது என்பதை முதல் இரவு தங்கிய டூம்ஸ்டோன் பூங்காவில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். வடக்கே போகப்போக, மண்ணுக்கு அடியில் ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம் இருக்கிறது. மேலே படர்ந்திருக்கும் பாசியையும் புல்லையும் சுரண்டிவிட்டு வழக்கம்போலச் சாலை போட்டால், வெயிலின் சூடு உள்ளே இறங்கி, பனிக்கட்டி உருகி, சாலை அப்படியே அமிழ்ந்துபோகும். அதனால் நிலத்தைத் தோண்டாமல், அதன்மேல் நான்கடி முதல் எட்டடி வரை சரளையைக் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டையே நிலத்துக்குப் போர்வையாக்கியிருக்கிறார்கள். 1959இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய், 1979இல்தான் வேலை முடிந்தது. தார் போட்டால் அது உறைநிலத்தின் அசைவைத் தாங்காமல் விரிசல்விட்டுப் பாளம் பாளமாகிவிடும். சரளை என்றால், எங்கே இறங்கினாலும் மறுபடி கொட்டிச் சமன்செய்துகொள்ளலாம். கோடை முழுவதும் அங்கே கிரேடர் வண்டிகள் சாலையைச் சுரண்டிக்கொண்டே இருக்கின்றன. அவை போன பின்பு நடுவில் வயல் வரப்புபோல ஒரு தளர்ந்த மண்மேடு நிற்கும். அதன்மேல் முன்சக்கரம் ஏறிவிட்டால் வண்டி நாம் திருப்பும் பக்கம் போகாது.

டூம்ஸ்டோன் முகாமில் கரடிகளுக்காக உணவை இரும்புப் பெட்டிகளில் பூட்டிவைக்க வேண்டும். சமைப்பதும் உண்பதும் கூடாரத்தைவிட்டுத் தள்ளித்தான். வீட்டில் செய்து எடுத்துவந்த புளிக்காய்ச்சலையும் பெருங்காயம் மணக்கும் பருப்புப் பொடியையும் மூன்று உறைகளில் சுற்றி வைத்திருந்தும், என் பையைத் திறந்தால் எங்கள் ஊர் மளிகைக் கடைக்குள் நுழைந்த வாசனை வந்தது. யூக்கான் கரடிக்குப் பெருங்காயம் பிடிக்குமா என்று அண்ணாச்சி கவலைப்பட்டார். கரடி வரவில்லை, கொசுதான் வந்தது. தலைக்கு வலை போட்டுக்கொண்டு சோறு உண்பது எப்படி என்பதை அன்று கற்றோம்: வலையை மோவாயிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி, கவளத்தை உள்ளே தள்ளி, உடனே மூடிவிட வேண்டும்.

மறுநாள் காலை நார்த் ஃபோர்க் கணவாயில் ஏறினோம். இந்தச் சாலையின் மிக உயரமான இடம் அதுதான், ஏறக்குறைய 1300 மீட்டர். அதன் தென்புறம் விழும் மழை யூக்கான் ஆற்றில் சேர்ந்து பேரிங் கடலுக்குப் போகிறது. வடபுறம் விழுவது பீல் ஆற்றிலும் மெக்கன்சி ஆற்றிலும் கலந்து ஆர்க்டிக்குக்குப் போகிறது. மரமே இல்லாத அந்த மேட்டில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. பிறகு ஓகில்வி மலைகள் வந்தன. இரும்புச் சத்தால் துருவின் நிறத்தில் ஓடும் எஞ்சினியர் கிரீக் ஓடையின் அருகே தேநீர் போட்டுக் குடித்தபோது வானம் தெளிவாகவே இருந்தது. அடுத்த ஏற்றத்தில் மேகம் எங்களுக்காகக் காத்திருந்ததுபோல் இறங்கியது.

புழுதி பறக்காமலிருக்க அந்தச் சாலையின் பல பகுதிகளில் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். உலர்ந்திருக்கும்போது அது சாலையைச் சிமெண்டுத் தரைபோல் இறுக்கிவிடுகிறது. நனைந்ததும் அதுவே வழுவழுப்பான சேறாகிறது. இரண்டாம் கியரில், மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில், கால் தாங்கிகளின்மேல் எழுந்து நின்றபடி ஓட்டினேன். முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று எனக்குத் தெரியும். 310ஆவது கிலோமீட்டர்க் கல்லுக்கு அருகே ஓர் இறக்கத்தில், எதிரே ஒரு லாரி வளைவில் திரும்பியதைக் கண்டதும் என் விரல்கள் அதைத் தொட்டன. வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சறுக்கினோம். லாரி ஓட்டுநர் எங்களைத் தொலைவிலேயே பார்த்து நிறுத்திவிட்டிருந்தார். எனக்கு முழங்காலில் ஒரு கன்றல், வண்டிக்கு உடைந்த பின்னோக்குக் கண்ணாடி, அவ்வளவுதான். ஆனால் சாமான்களோடு இருநூற்றைம்பது கிலோ தாண்டும் வண்டியைச் சேற்றிலிருந்து நிமிர்த்த மூன்று பேர் வேண்டியிருந்தது. நிமிர்த்தும்போது மூவருமே ஒருமுறை வழுக்கி விழுந்தோம்.

"தம்பி, நம்ம ஊர்ல நடவு நேரத்துல கூட இப்படிச் சேறு பார்த்ததில்ல," என்றார் அண்ணாச்சி.

அதன் பிறகு ஈகிள் பிளெய்ன்ஸுக்கு மிஞ்சியிருந்த அறுபது கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சேறு ரேடியேட்டரின் இதழ்களுக்குள் புகுந்து, எஞ்சின் சூட்டில் வெந்து, செங்கல்லாகிவிடும். வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியதும் நிறுத்தி, குடிநீரை ஊற்றிக் குச்சியால் கிண்டி எடுக்க வேண்டும். இரண்டு முறை அப்படிச் செய்தோம். போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொன்றரை மணி, பகல் வெளிச்சம். வடக்கே போகும் சாலையைச் சேற்றின் காரணமாக மூடிவிட்டதாக அங்கே சொன்னார்கள்.

ஈகிள் பிளெய்ன்ஸ் ஊர் அல்ல. ஒரு விடுதி, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பட்டறை, கூடாரம் போட ஒரு சரளைத் திடல், அவ்வளவுதான். ஒன்றரை நாள் அங்கே அடைபட்டுக் கிடந்தோம். எங்களைப் போலவே இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எவரும் சலித்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. எட்மன்டனில் சிக்னல் பச்சையாகி இரண்டு நொடி தாமதித்தாலே பின்னால் ஆரன் ஒலிக்கும். இங்கே அடிக்கொருதரம் வெளியே போய், செருப்புக் காலால் சாலையை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் இல்லை," என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாம் நாள் காலை நானும் அப்படியே அழுத்திப் பார்த்தேன். செருப்பு ஒட்டவில்லை.

405ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தின் பலகை இருக்கிறது. எல்லோரும் எடுக்கும் படத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். அதற்கப்பால் ரிச்சர்ட்சன் மலைகள், 465ஆவது கிலோமீட்டரில் வடமேற்குப் பிரதேசங்களின் எல்லை. அங்கே கிலோமீட்டர்க் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். இரவே வராத நாட்டில் ஒரு மணி நேரத்தை இழந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. பசித்தால் உண்டோம், கண் எரிந்தால் தூங்கினோம். அந்த மலையிறக்கத்தில் கத்திபோல் கூரான ஒரு கல் என் பின்சக்கரத்தைக் கிழித்தது. டயரைக் கழற்றி உள்குழாயை மாற்ற எனக்கு ஒன்றேகால் மணி நேரமும் கொசுக்களுக்கு ஒரு விருந்தும் ஆயின.

பீல் ஆற்றிலும் மெக்கன்சி ஆற்றிலும் பாலம் கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் பனிச்சாலை, இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் எதுவும் இல்லை. படகுக்குக் கட்டணம் இல்லை. பீல் ஆற்றைக் கடந்ததும் வருகிற ஃபோர்ட் மெக்ஃபர்சன், பூர்வகுடிகளான குவிச்சின் மக்களின் ஊர். ஆற்றங்கரையில் மீனைப் பிளந்து புகையில் உலர்த்தும் குடிசைகள் இருந்தன. ஒரு மூதாட்டி தந்த துண்டை மென்றபோது அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டார். கருவாட்டை மறந்தவர் அல்லர் அவர்.

அவ்வூர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நான்கு பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். 1910 டிசம்பரில், ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற போலீஸ் அதிகாரியின் தலைமையில் நாய் வண்டிகளோடு டாசனுக்குப் புறப்பட்ட அந்தக் காவல் குழு, வழியைத் தவறவிட்டு, உணவு தீர்ந்து, இழுத்து வந்த நாய்களையே தின்று, திரும்பி வரும் வழியில் இறந்துபோனது. தேடிப்போன டெம்ப்ஸ்டர் 1911 மார்ச்சில் உடல்களைக் கண்டுபிடித்தார். சாலைக்கு அவருடைய பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. கடைசி இருவர் இந்த ஊரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில்தான் விழுந்து கிடந்தார்கள். வழியறிந்த குவிச்சின் வழிகாட்டி ஒருவரை அவர்கள் கடைசிவரை உடன் வைத்துக்கொள்ளவில்லை. வெயிலில் அந்தக் கல்லறை முன் நின்றபோது, ஒன்றரை நாள் காத்திருந்ததைப் பெரிய இன்னலாக வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னதை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

இனுவிக்கில் வீடுகள் தூண்களின்மேல் நிற்கின்றன. தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் தரைக்கு மேலே பெட்டிகளுக்குள் ஓடுகின்றன. அங்கே ஒரு சிறு மசூதியும் உண்டு. 2010இல் வினிபெக்கில் கட்டி, லாரியிலும் தோணியிலுமாக ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது. சூரியன் ஐம்பது நாளுக்கு மேல் மறையாத ஊரில் தொழுகை நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்க நினைத்தேன். நாங்கள் போன நேரத்தில் கதவு பூட்டியிருந்தது.

துக்டோயாக்டுக் சாலை 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. அதுவரை கோடையில் அந்த ஊருக்கு விமானத்திலோ படகிலோதான் போக முடியும். நிலம் உறைந்து கிடக்கும் குளிர்காலங்களில் மட்டுமே லாரிகளை ஓட்டி, நிலத்தின்மேல் துணிபோன்ற விரிப்பைப் போட்டு, அதன்மேல் மண்ணைக் கொட்டிக் கட்டியிருக்கிறார்கள். எண்ணற்ற ஏரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. ஊரை நெருங்கும்போது தட்டையான நிலத்தில் திடீரென்று குன்றுகள் எழுகின்றன. அவற்றைப் பிங்கோ என்கிறார்கள். உள்ளே இருப்பது பாறை அல்ல, நிலத்தடி நீர் உறைந்து மண்ணை மேலே தள்ளிய பனிக்கட்டி. இபியுக் என்ற பிங்கோவின் உயரம் 49 மீட்டர். கடற்கரையோ ஆண்டுதோறும் கரைந்துகொண்டிருக்கிறது. விளிம்பில் இருந்த வீடுகளை உள்ளே நகர்த்தியிருக்கிறார்கள்.

கடலுக்குள் நீண்ட மணல்முனையில் கூடாரம் அடித்தோம். சரளையில் முளை நிற்கவில்லை. கயிறுகளை இரு வண்டிகளின் சக்கரங்களிலும் கட்டினோம். அண்ணாச்சி வேட்டி கட்டிக்கொண்டு ஆர்க்டிக் கடலில் மூன்று முழுக்குப் போட்டார், நான் முழங்கால்வரை இறங்கியதோடு சரி. தொலைவில் மிதந்த பனிப்பாளங்களின்மேல் வெயில் இரவு முழுவதும் பட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும்போது ஒரு துளி மழை இல்லை. 310ஆவது கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தி, நான் விழுந்த இடத்தைத் தேடினோம். சறுக்கிய தடமாவது, கண்ணாடித் துண்டாவது கிடைக்கும் என்று நினைத்தேன். கிரேடர் வந்துபோயிருந்தது. நடுவில் அந்த வரப்பு மட்டும் புதிதாக நின்றது.

"இடத்த மாத்திச் சொல்றீங்களோ தம்பி," என்றார் அண்ணாச்சி. நான் மறுபடி கிலோமீட்டர்க் கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.