96 குழித் தட்டும் ஒரு குப்பியும்

நவம்பர் 3, திங்கள்

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறும்போதே தூறல். லேபில் ஹீலா செல்களை 96 குழித் தட்டில் போட்டேன். 1951-இல் ஒரு பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்களின் வாரிசுகள், இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. நடுவிலுள்ள 60 குழிகளில் மட்டும் செல். ஓரத்து 36-இல் செல் இல்லாத வெறும் பஃபர் கரைசல். ஓரத்தில் நீர் சீக்கிரம் ஆவியாகும், கணக்கு கெடும். கட்டைவிரல் வலி.

நவம்பர் 4, செவ்வாய்

செல்களுக்கு இரண்டு புற்றுநோய் மருந்துகள்: பாக்லிடாக்செல் தனியாக, சிஸ்பிளாட்டின் தனியாக, இரண்டும் சேர்த்து. முதலாவது, செல் இரண்டாகப் பிரியும்போது அதன் நுண்குழல்களைக் கலைய விடாமல் பிடித்துக்கொள்ளும். மற்றது டிஎன்ஏவில் முடிச்சுப் போடும்.

நவம்பர் 6, வியாழன்

48 மணி நேரம் முடிந்தது. எம்டிடி என்ற மஞ்சள் சாயம் ஊற்றினேன். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாப் படிகமாக்கும். நான்கு மணி நேரம் காத்திருந்து 570 நானோமீட்டர் ஒளியில் நிறத்தின் அடர்த்தியைப் படித்தேன். சேர்த்துக் கொடுத்ததும் பாக்லிடாக்செல் மட்டும் கொடுத்ததும் ஒரே நிறம். இரண்டு மருந்து சேர்ந்து எப்படி வேலை செய்கிறது என்று கணக்கிட 1984-இல் சௌவும் தலாலேவும் கொடுத்த முறையில் குறியீட்டெண் ஒன்றுக்கு மேல். அதாவது ஒரு மருந்தை மற்றது முறிக்கிறது. "பேப்பருக்கு ஆச்சு" என்று சீனியர் கிண்டல். எனக்கு உறுத்தியது வேறு: சிஸ்பிளாட்டின் மட்டும் போட்ட வரிசையே, மருந்தே படாத வரிசை மாதிரி அடர் ஊதா.

நவம்பர் 8, சனி

காசிமேட்டில் அத்தை வீடு, வஞ்சிரக் குழம்பு. அத்தைக்கு இதே இரண்டு மருந்தும் ஏறியிருக்கிறது. விவரம் கேட்டுவிட்டு, "இன்னாடி, ரெண்டையும் ஒண்ணாவா ஊத்துற? எனக்கு ஒண்ணு முடிஞ்சப்புறம்தான் இன்னொண்ணு. அதுக்கும் பாட்டில் பாட்டிலா சலைன்" என்றார். அவ்வளவு சலைன் கிட்னியைக் காப்பாற்றத்தான். ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் சோறு இறங்கவில்லை. நான் எதில் கரைத்தேன்?

நவம்பர் 10, திங்கள்

டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில். பாக்லிடாக்செல் தண்ணீரில் கரையாது, அதற்கு அது சரி. சோம்பலில் சிஸ்பிளாட்டினையும் அதிலேயே கரைத்திருக்கிறேன். டிஎம்எஸ்ஓவின் கந்தகம் பிளாட்டினத்தோடு ஒட்டி, குளோரைடைத் தள்ளிவிட்டு, மருந்தை மழுங்க வைத்துவிடும். வெகுநாளாகத் தெரிந்த சங்கதி, படிக்காதது என் தப்பு. ஊதாப் படிகங்களைக் கடைசியில் கரைக்கவும் இதே டிஎம்எஸ்ஓதான். அங்கே மட்டும் நல்ல பிள்ளை!

குப்பியைக் கழிவில் போட்டு, 0.9% உப்புநீரில் புதிதாகக் கரைத்தேன். வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றினேன். ஃபிரிட்ஜில் வைக்கவில்லை, வைத்தால் படிந்துவிடும். இந்தத் தடவை இரண்டு தட்டு: ஒன்றில் பாக்லிடாக்செல் முந்தி, இன்னொன்றில் சிஸ்பிளாட்டின் முந்தி. யோசனை அத்தையுடையது.

நவம்பர் 14, வெள்ளி

மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வரும்வரை இன்குபேட்டர் கதவை யாரும் திறக்காமல் காவல் நின்றேன்.

சிஸ்பிளாட்டின் வரிசை வெளிறிவிட்டது. அப்பாடா. சேர்த்த குழிகளில் குறியீட்டெண் ஒன்றுக்குக் கீழே, அதாவது ஒரு மருந்துக்கு மற்றது கைகொடுக்கிறது. பாக்லிடாக்செல் முந்திய தட்டுதான் கூடுதலாக வெளிறியது. சிஸ்பிளாட்டின் முந்தினால், டிஎன்ஏ அடிபட்ட செல் பிரிவதற்கு முன்பே நின்றுவிடும். பிரியும் நேரத்தில் பிடிக்கக் காத்திருக்கும் பாக்லிடாக்செலுக்கு வேலை குறைவு. ஆனால் இது ஒரே ஒரு தடவை செய்தது. இன்னும் இரண்டு தடவை செய்யாமல் கைடிடம் மூச்சு விடப்போவதில்லை.

ராத்திரி அத்தைக்கு போன் போட்டு, முதலில் ஏறியது எது என்று கேட்டேன். "பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? மூணு மணி நேரம் ஏறுமே, அதுதான் மொதல்ல. அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடுவேன்" என்றார்.

அது பாக்லிடாக்செல்.