பாம்புச் சட்டையை வைத்துப் பாம்பைக் கண்டுபிடிப்பது: இதுவரை கற்றது

உலகின் ஆபத்தான விஷப்பாம்பு எது என்று தேடினால் பெரும்பாலும் முதலில் வருவது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பான். சுண்டெலிகளில் செய்த சோதனைகளின்படி நிலப்பாம்புகளில் அதன் விஷம்தான் மிகக் கடுமையானது. ஆனால் அது வாழ்வது ஆள் நடமாட்டம் குறைந்த வறண்ட நிலத்தில். கடிபட்டவர்கள் மிகச் சிலரே. இந்தியாவிலோ 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். எந்தப் பாம்பு என்று தெரிந்த கடிகளில் கண்ணாடி விரியனுக்குத்தான் முதலிடம்.

எங்கள் வீடு செங்கல்பட்டுப் பக்கம், வயலை ஒட்டி இருக்கிறது. தைப்பானைப் பற்றிப் படிப்பதைவிட, எங்கள் வைக்கோல் போரிலும் விறகுக் குவியலிலும் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அனுமதியில்லாமல் பாம்பைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம், உயிருக்கும் கேடு. அதனால் அவை கழற்றிப் போட்டுப் போகும் சட்டைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

சட்டை கிடைத்தால் உடனே விரிக்கக் கூடாது, காய்ந்த சட்டை நொறுங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு ஊறவைத்து, கண்ணாடித் தகட்டின்மேல் மெதுவாக நீவிப் பரப்ப வேண்டும். தகட்டுக்கு அடியில் கறுப்புச் சார்ட் தாளை வைத்தால் செதில்கள் தெளிவாகத் தெரியும். சட்டையில் விஷம் கிடையாது, ஆனாலும் கையுறை போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். பாம்பின் தோலில் வயிற்றுப்போக்கைத் தரும் கிருமிகள் இருக்கலாம். படம் எடுத்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாம்பு உதட்டிலிருந்து தோலைக் கழற்றத் தொடங்கி முன்னோக்கி ஊர்ந்து வெளியேறுவதால், சட்டை உட்புறம் வெளியே வந்து கிடக்கும். வால் நுனி காட்டும் திசையில்தான் பாம்பு போயிருக்கும். தோல் இழுபடுவதால் சட்டை பாம்பைவிட நீளமாகவும் இருக்கும். "ஆறடி நல்ல பாம்பு" என்று ஊரில் சொல்லும் அளவை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் பக்கம் பெரிய சட்டை எது கிடைத்தாலும் "இது நல்லதுதானே தம்பி?" என்றுதான் கொண்டு வருவார்கள். அது நல்ல பாம்பா சாரையா என்று பிரிப்பது சுலபம். உடலின் நடுப்பகுதியில், ஒரு பக்க வயிற்றோரத்திலிருந்து மறுபக்க ஓரம் வரை செதில்களைச் சாய்வாக எண்ணினால் சாரைக்குப் பெரும்பாலும் 17 வரிசை, நல்ல பாம்புக்கு 21 முதல் 25 வரை. கழிவுத் துளையை மூடும் தகடு சாரையில் இரண்டாகப் பிளந்திருக்கும், நல்ல பாம்பில் ஒன்றாக இருக்கும். தலைப்பகுதி கிழியாமல் கிடைத்தால் எண்ணவே வேண்டாம். நல்ல பாம்பின் மேலுதட்டில் மூன்றாவது செதில் பெரியது, கண்ணையும் மூக்குச் செதிலையும் ஒருசேரத் தொடும்.

கண்ணாடி விரியனின் சட்டையைக் கையால் தொட்டே சொல்லிவிடலாம். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் முகடு இருப்பதால் சொரசொரவென்று இருக்கும். தலையில் பெரிய தகடுகள் இல்லாமல் சின்னச் சின்னச் செதில்களே நிறைந்திருக்கும். மண்ணுளி வகைகளில் ஒன்றும் சொரசொரப்பானதுதான், ஆனால் மண்ணுளியின் வயிற்றுச் செதில் குறுகலானது. விரியனுக்கு அது வயிற்றின் முழு அகலத்துக்கும் இருக்கும்.

கட்டு விரியனுக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். அதன் நடுமுதுகு வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவம். பலரும் இந்த ஒரு அடையாளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. கொம்பேறி மூக்கனுக்கும் நடுமுதுகுச் செதில் பெரிதாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் நடு உடலில் 15 வரிசை வரலாம். அப்போது வாலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கட்டு விரியனின் வாலடிச் செதில்கள் பிளவில்லாமல் ஒற்றை ஒற்றையாக அடுக்கியிருக்கும். கொம்பேறி மூக்கனுக்கு இரண்டிரண்டாக, பின்னல் போட்டது போல இருக்கும். கட்டு விரியனைப் போல வெள்ளைப் பட்டை போட்ட, விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கும் இரட்டைதான், நடுமுதுகுச் செதிலும் சாதாரண அளவு. பெரிய அறுகோணம், ஒற்றை வாலடி என்று இரண்டும் சேர்ந்து தெரிந்தால் மட்டுமே கட்டு விரியன் என்று எழுதுகிறேன். வால் இல்லாத துண்டு கிடைத்தால் "சந்தேகம்" என்றே குறித்துவைக்கிறேன்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டு விரியன் இரவில் திரிவது. தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது. விடியும்போது வயிற்று வலி வரும், அப்புறம் இமை தொங்கும், மூச்சு அடங்கும். விஷம் நரம்பு முனைகளையே சிதைப்பதால், விஷமுறிவு மருந்து போட்ட பிறகும் சிலரைப் பல நாள் செயற்கைச் சுவாசத்தில் வைக்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டு அக்காவின் விறகுக் குவியலில் கிடைத்த சட்டையில் இரண்டு அடையாளங்களும் இருந்தன. "அக்கா, பிள்ளைங்களைத் தரையில் படுக்க வைக்காதீங்க" என்று சொன்னேன். இப்போது கட்டில் போட்டு, கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகித்தான் படுக்கிறார்கள். விறகையும் சுவரை விட்டுத் தள்ளி அடுக்கிவிட்டார்கள். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடி விழுந்த பிறகு சட்டையையோ பாம்பையோ தேடிக்கொண்டிருக்காதீர்கள். இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு முக்கியப் பாம்புகளுக்கும் பொதுவானது, மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்தே கொடுப்பார். கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

செதில் படிப்பு எவ்வளவு பயன்படும் என்பதை மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள வடநெம்மேலியில் பார்த்தேன். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பிடித்து வந்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளம் போட்டுக் காட்டில் விடுகிறார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி சிக்கினால் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். சில முறை சட்டை உரித்தபின் அது மறைந்துவிடுமாம். அங்கிருந்து வந்தபிறகு வயிற்றுச் செதில்களையும் ஒன்று விடாமல் படம் எடுக்கிறேன். அடையாளம் உள்ள சட்டை எதுவும் இதுவரை என் கைக்கு வரவில்லை.

நான்கில் பாக்கி இருப்பது சுருட்டை விரியன் மட்டும். ராமநாதபுரத்து நண்பர் ஒருவர் கிடைத்தால் படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கும் வாலடிச் செதில் ஒற்றைதான், ஆனால் முதுகில் முகடு உண்டு என்பதால் கட்டு விரியனோடு குழம்பாது. நண்பரிடம் தலையையும் வாலடியையும் அளவுகோல் வைத்துத் தனித்தனியாகப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.