லாபிஸ் லாசுலியா, சோடலைட்டா? தராசில் வைத்துப் பாருங்கள்

நகைகளில் பதிக்கும் நீலக் கல்லான லாபிஸ் லாசுலி ஒற்றைக் கனிமம் அல்ல, பல கனிமங்கள் சேர்ந்த பாறை. நீலம் லாசுரைட், வெள்ளைத் திட்டு கால்சைட், பொன்னிறப் புள்ளி பைரைட். பேர்போன சரக்கு ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் பகுதியில் உள்ள சர்-இ-சங் சுரங்கத்தில் கிடைப்பது. அதன் பெயரில் சோடலைட் என்ற வேறொரு நீலக் கனிமம், ஹவ்லைட் என்ற வெள்ளைக் கனிமத்தில் சாயம் ஏற்றியது, சாயம் ஏற்றிய ஜாஸ்பர், கண்ணாடி என்று என்னென்னவோ விலைபோகின்றன.

முதலில் பத்து மடங்கு லென்ஸ். பைரைட் ஒழுங்கில்லாமல், ஓரிடத்தில் கொத்தாகவும் இன்னோரிடத்தில் இல்லாமலும் இருக்கும். மினுமினுப்பு கல் முழுக்க ஒரே சீராகத் தூவியதுபோல் இருந்தால் அது செம்புத் துகள் கலந்த கண்ணாடி. சோடலைட்டில் வெள்ளை நரம்புகள் ஓடும், பைரைட் அபூர்வம்.

லென்ஸில் சந்தேகம் தீராவிட்டால் அடர்த்தியை அளக்கலாம். 0.01 கிராம் காட்டும் தராசு போதும். உலர்ந்த கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 14 கிராம் கல்லுக்குத் தராசு 5.00 காட்டினால் 2.80, லாபிஸின் வரம்பு 2.7 முதல் 2.9 வரை. அதே எடையில் சோடலைட் என்றால் 6.1 அளவில் காட்டும், அதாவது 2.3. சாயமேற்றிய ஹவ்லைட் 2.5, 2.6 அளவில் நிற்கும்.

கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைந்து வரும். நல்ல லாபிஸையே சோடலைட் என்று ஒதுக்கிவிடுவீர்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் குமிழி ஒட்டாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த கல்லிலும், உலோகத்தில் பதித்த கல்லிலும் இந்த வேலை நடக்காது.

கத்தியால் கீறிப் பார்க்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒன்று முதல் பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில் லாபிஸின் கடினத்தன்மை 5 முதல் 5.5 வரை, கத்தி எஃகும் ஏறக்குறைய அதுதான். கல் கெடும், விடை கிடைக்காது.

சாயத்துக்கு அசிட்டோன் நனைத்த பஞ்சு. மேற்பரப்பில் மெழுகு பூசியிருந்தால் சாயம் வராது என்பதால், மணியின் துளைக்குள் விட்டுத் தேயுங்கள். நீலம் வந்தால் போலி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கால்சைட் வெண்மையை மறைக்க அசல் லாபிஸிலும் சாயம் ஏற்றுவதுண்டு. அப்போது பேச வேண்டியது விலையைப் பற்றித்தான்.

வீட்டில் புளி, எலுமிச்சை போட்டு நகை துலக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. அமிலம் கால்சைட்டையும் லாசுரைட்டையும் அரித்து மெருகைக் கெடுத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும்.